உங்க ஊர் போலீஸுக்கு யார் தலைவர்? ஸ்டேஷன் ரைட்டர் முதல் டிஜிபி வரை... ஒரு விளக்கம்

கும்பகோணத்துக்கு ஒரு மேயர் இருக்கிறார். எம்.எல்.ஏ இருக்கிறார். மாநகராட்சி ஆணையர் இருக்கிறார். சரி, கும்பகோணம் போலீஸுக்கு யார் தலைவர்? இந்தக் கேள்வியை நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவர் இன்ஸ்பெக்டர் என்பார். இன்னொருவர் டி.எஸ்.பி என்பார். மூன்றாவது ஆள், "எல்லாம் எஸ்.பி தாங்க... அவரு தஞ்சாவூர்ல இருக்காரு" என்பார்.

மூன்று பதிலிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஏனென்றால் 'கும்பகோணம் போலீஸ்' என்று சட்டப்படி தனி அமைப்பே கிடையாது. அங்கே இருப்பது தமிழ்நாடு காவல்துறையின் சில ஸ்டேஷன்கள்.

"இதெல்லாம் தெரிஞ்சு எனக்கு என்ன ஆகப்போகுது?" என்று தோன்றலாம். பைக் காணாமல் போனாலோ, அட்வான்ஸை வீட்டு ஓனர் தரமாட்டேன் என்றாலோ, தங்கையை ஒருவன் பின்தொடர்ந்தாலோ, நாம் முதலில் போய் நிற்பது ஸ்டேஷன் வாசலில்தான். அங்கே "நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டால், அடுத்த கதவு எது என்று நம்மில் பலருக்குத் தெரியாது. அந்தக் கதவைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை. கூடவே, இந்த அமைப்பில் இன்னும் சரிசெய்யப்படாத ஒரு பெரிய ஓட்டையைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

ஊருக்கு ஒரு போலீஸ் இல்லை, மாநிலத்துக்கு ஒரு போலீஸ்

ஹாலிவுட் சீரிஸ் பார்ப்பவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமாகியிருக்கும். சின்ன ஊர், அதற்கென்று ஒரு போலீஸ் துறை, அதற்கு ஒரு 'சீஃப்', அவரைக் கூப்பிட்டுத் திட்டும் மேயர். அது கற்பனை இல்லை. அமெரிக்காவில் பெரும்பாலான ஊர்களுக்குச் சொந்த போலீஸ் துறை உண்டு. நாடு முழுக்க சுமார் 18,000 சட்ட அமலாக்க அமைப்புகள் இருக்கின்றன. பல ஊர்களில் சீஃபை நியமிப்பதும் நீக்குவதும் அந்த ஊர் நிர்வாகம்தான்.

நம்மூர் கதை வேறு. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில், பொது ஒழுங்கும் போலீஸும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. அதனால் மேயருக்கோ கவுன்சிலருக்கோ ஸ்டேஷன் மீது எந்த அதிகாரமும் இல்லை. குப்பை அள்ளவில்லை என்றால் மேயரைக் கேட்கலாம்; ரோந்து வரவில்லை என்றால் அவரும் நம்மைப் போல மனு கொடுக்க வேண்டியவர்தான்.

இந்த வடிவம் வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. மெட்ராஸ் மாகாணத்துக்கு 1859-ல் ஒரு மாவட்ட போலீஸ் சட்டம், அடுத்து 1861-ல் இந்திய போலீஸ் சட்டம், சென்னைக்கென்று 1888-ல் தனியாக ஒரு நகர போலீஸ் சட்டம். மாவட்டத்துக்கு ஒரு எஸ்.பி, அவருக்குக் கீழே அடுக்கடுக்காக ஆட்கள் என்ற ஏற்பாடு அப்போதே வந்துவிட்டது. ஆட்சிக்கு அடங்கி நடக்கும் படை ஒன்று வேண்டும் என்பதே அன்றைய தேவை.

மாநில போலீஸ் என்பதில் லாபமும் இருக்கிறது. கும்பகோணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 12 ஆண்டுக்கு ஒருமுறை மகாமகம். அந்தக் கூட்டத்தை ஊரில் இருக்கும் சில ஸ்டேஷன்களால் சமாளிக்கவே முடியாது. 1992 மகாமகத்தில் நெரிசலில் சிக்கிப் பலர் இறந்துபோனார்கள். 2016-ல் மற்ற மாவட்டங்களில் இருந்தெல்லாம் ஆட்களைக் கொண்டுவந்து பந்தோபஸ்து போட முடிந்ததென்றால், எல்லோரும் ஒரே துறையின் கீழ் இருப்பதால்தான். அடுத்த மகாமகம் 2028-ல். அதற்கும் இதே ஏற்பாடுதான் கைகொடுக்க வேண்டும்.

ஸ்டேஷனுக்குள் யார் யார்?

உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் படுபவர் பாரா டூட்டியில் நிற்கும் காவலர். பல ஸ்டேஷன்களில் இப்போது வரவேற்பாளர் மேஜையும் இருக்கிறது. ஆனால் ஸ்டேஷனின் நாடித்துடிப்பு தெரிந்தவர் 'ரைட்டர்'. பெரும்பாலும் தலைமைக் காவலராக இருப்பார். பதிவேடுகள், பொது நாட்குறிப்பு, யாருக்கு எந்த டூட்டி என எல்லாம் அவர் கை வழியாகத்தான் போகும். புதிதாக வரும் இன்ஸ்பெக்டர்கூட முதல் வாரம் ரைட்டரிடம் கேட்டுத்தான் ஊரைப் புரிந்துகொள்வார்.

படிநிலை கீழிருந்து மேலாக இப்படிப் போகும்: இரண்டாம் நிலைக் காவலர், முதல் நிலைக் காவலர், தலைமைக் காவலர், சிறப்பு உதவி ஆய்வாளர், உதவி ஆய்வாளர் (நாம் எஸ்.ஐ என்போமே, அவர்), அதற்கு மேலே ஆய்வாளர், அதாவது இன்ஸ்பெக்டர். நகரங்களில் ஸ்டேஷனின் பொறுப்பு அதிகாரி பொதுவாக இன்ஸ்பெக்டர்தான். அவர் ஸ்டேஷனில் இல்லாத நேரத்தில், அங்கே இருப்பவர்களில் அடுத்த நிலையில் உள்ளவர் பொறுப்பு அதிகாரி ஆகிவிடுவார். அவர் காவலருக்கு மேற்பட்ட நிலையில் இருந்தால் போதும். ஆகவே, "இன்ஸ்பெக்டர் வெளிய போயிருக்காரு, அவர் வந்தாதான் புகார் வாங்க முடியும்" என்று யாராவது சொன்னால், அது சட்டம் சொல்வது இல்லை.

ஒரே ஊரில் பல வகை ஸ்டேஷன்கள் இருக்கும். சட்டம் ஒழுங்கு ஸ்டேஷன், தாலுகா ஸ்டேஷன், போக்குவரத்துப் பிரிவு, அனைத்து மகளிர் காவல் நிலையம். இதில் கடைசியாகச் சொன்னது தமிழ்நாடு முன்னோடியாகச் செய்த விஷயம். 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. ஆனால் பெண்கள் அங்கே மட்டும்தான் போக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம்.

வெளியே அதிகம் தெரியாத ஒருவரும் ஸ்டேஷனில் உண்டு. தனிப்பிரிவுக் காவலர். ஸ்டேஷன் எல்லையில் என்ன நடக்கிறது என்ற தகவலை இவர் நேரடியாக எஸ்.பி அலுவலகத்தின் தனிப்பிரிவுக்கு அனுப்புவார். ஊர்ச் செய்தி மட்டும் இல்லை, ஸ்டேஷனுக்குள் நடப்பதும் அதில் அடக்கம். இன்ஸ்பெக்டர் சொல்லாததையும் எஸ்.பி தெரிந்துகொள்ளும் வழி இது.

டி.எஸ்.பி, எஸ்.பி... அப்புறம் கமிஷனர்?

சில ஸ்டேஷன்கள் சேர்ந்தது ஓர் உட்கோட்டம். அதன் தலைவர் டி.எஸ்.பி. சில ஊர்களில் இளம் ஐ.பி.எஸ் அதிகாரி ஏ.எஸ்.பி என்ற பெயரில் அந்த நாற்காலியில் இருப்பார். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளை டி.எஸ்.பி நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும் என்பது விதி. உட்கோட்டங்கள் சேர்ந்தால் மாவட்டம். அதன் தலைவர் எஸ்.பி. கும்பகோணத்தின் எஸ்.பி தஞ்சாவூரில் உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

அதற்கு மேலே சில மாவட்டங்கள் சேர்ந்த சரகம், தலைவர் டி.ஐ.ஜி. சரகங்கள் சேர்ந்தது மண்டலம், தலைவர் ஐ.ஜி. தமிழ்நாட்டில் வடக்கு, மத்திய, மேற்கு, தெற்கு என நான்கு மண்டலங்கள். கும்பகோணம் தஞ்சாவூர் சரகத்தில், திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய மண்டலத்தில் வருகிறது. இவர்கள் எல்லோருக்கும் மேலே சென்னையில் டிஜிபி.

"அப்போ கோயம்புத்தூர்ல கமிஷனர்னு சொல்றாங்களே?" நல்ல கேள்வி. சென்னை, தாம்பரம், ஆவடி, கோவை, மதுரை, திருச்சி, சேலம், திருநெல்வேலி, திருப்பூர் ஆகிய பெரிய நகரங்களில் மாவட்ட எஸ்.பிக்குப் பதிலாக காவல் ஆணையரகம் இருக்கிறது. தாம்பரமும் ஆவடியும் 2022 ஜனவரியில் செயல்படத் தொடங்கியவை. அங்கே டி.எஸ்.பிக்கு இணையானவர் உதவி ஆணையர், எஸ்.பிக்கு இணையானவர் துணை ஆணையர். மாநகராட்சி ஆகிவிட்டால் தானாகவே ஆணையரகம் வந்துவிடாது. தமிழ்நாட்டில் இன்று 25 மாநகராட்சிகள் இருக்கின்றன. கும்பகோணம் 2021-ல் மாநகராட்சி ஆன பிறகும் அங்கே கமிஷனர் வரவில்லை.

பெயர் மட்டும்தான் மாறுகிறது என்று நினைத்துவிட வேண்டாம். அதிகாரமும் மாறுகிறது. மாவட்டத்தில் தடை உத்தரவு போட வருவாய்க் கோட்டாட்சியரோ கலெக்டரோ கையெழுத்துப் போட வேண்டும். குண்டர் சட்டத்தில் ஒருவரை அடைக்க எஸ்.பி பரிந்துரை செய்வார், உத்தரவு போடுவது கலெக்டர். ஆணையரகத்தில் இந்த இரண்டு அதிகாரமும் கமிஷனர் கையிலேயே இருக்கிறது. கைது செய்யும் துறையே தடுப்புக்காவல் உத்தரவையும் போடுகிறது என்பதால், இது வசதியா ஆபத்தா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

மூன்று வாசல்கள்

இந்தத் துறைக்குள் நுழைய மூன்று முக்கிய வாசல்கள். ஒன்று, தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம்: பத்தாம் வகுப்பு முடித்தவர் இரண்டாம் நிலைக் காவலர் ஆகலாம், பட்டதாரி நேரடியாக எஸ்.ஐ ஆகலாம். இரண்டு, டி.என்.பி.எஸ்.சி குரூப் 1: நேரடி டி.எஸ்.பி. மூன்று, யு.பி.எஸ்.சி: ஐ.பி.எஸ்.

கடைநிலையில் சேரும் காவலர் சிறப்பு உதவி ஆய்வாளர் ஆவதற்கே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிடும். அதற்குள், அவர் வேலையில் சேர்ந்த நாளில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த ஒருவர் ஐ.பி.எஸ் ஆகி அவருக்கே எஸ்.பியாக வந்து நிற்கலாம். தேர்வு முறை அப்படி, அதில் தவறில்லை. ஆனால் தெருவை நன்றாக அறிந்தவருக்கு முடிவெடுக்கும் இடத்தில் குரல் இல்லை என்பது இதன் விளைவு. காவலர்களுக்கு வார விடுப்பு என்பதற்கே 2021-ல் தனியாக அரசாணை போட வேண்டியிருந்தது. 1979-லேயே ஒழிக்கப்பட்ட ஆர்டர்லி முறை இன்னும் தொடர்கிறதே என்று 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் கண்டிக்க வேண்டியிருந்தது. தன் உரிமையைக் கேட்கவே தயங்கும் ஒருவர், மேலதிகாரி சொல்லும் தவறான உத்தரவை எப்படி மறுப்பார்?

"நாளைக்கு வாங்க" என்று சொன்னால்...

இந்தப் படிக்கட்டு உங்களுக்குப் பயன்படும் இடம் இதுதான். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. புகார் பற்றிய அதன் 173-வது பிரிவை போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. குற்றம் எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்திருந்தாலும், எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். "எங்க லிமிட் இல்ல" என்பது காரணம் ஆகாது. 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்' என்று சொல்வது இதைத்தான்.

2. மின்னணு முறையிலும் தகவல் கொடுக்கலாம். மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும்.

3. எஃப்.ஐ.ஆர் நகலை இலவசமாகக் கொடுத்தாக வேண்டும்.

4. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பியின் அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்த போலீஸுக்கு இடம் உண்டு. அதாவது காலக்கெடு உண்டு.

5. ஸ்டேஷனில் பதிய மறுத்தால், புகாரின் சாரத்தை எழுத்தில் எஸ்.பிக்கு அனுப்பலாம். அங்கும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம்.

பல ஸ்டேஷன்களில் எஃப்.ஐ.ஆருக்குப் பதில் சி.எஸ்.ஆர் ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். அது புகார் கொடுத்ததற்கான அத்தாட்சி மட்டுமே, எஃப்.ஐ.ஆர் ஆகாது. கைது செய்வதற்குரிய குற்றம் நடந்திருப்பது புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர் பதிவது கட்டாயம் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதேநேரம் சி.எஸ்.ஆர் எண்ணைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடுத்த கதவைத் தட்டும்போது, நீங்கள் முதல் கதவைத் தட்டிவிட்டீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

வழக்கு பதிந்த பிறகும் ஓர் உரிமை உண்டு. விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டியது போலீஸின் கடமை.

உத்தரவு கீழே வரும்... பொறுப்பு மேலே போகுமா?

இதுவரை பார்த்தது தாளில் இருக்கும் அமைப்பு. ஓர் ஏணி போல ஒழுங்காகத்தான் இருக்கிறது. அதன்படி எஸ்.பிக்கும் அவருக்கு மேலே இருப்பவர்களுக்கும் தங்கள் எல்லைக்குள் ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரிக்கு உள்ள எல்லா அதிகாரமும் உண்டு. அப்படியென்றால் ஸ்டேஷனில் நடக்கும் தவறுக்கும் அவர்களுக்குப் பங்கு இருக்க வேண்டும் இல்லையா?

2020 ஜூனில் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். தந்தை, மகன் இருவர் போலீஸ் பிடியில் தாக்கப்பட்டு அடுத்தடுத்து இறந்தார்கள். விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டுக்கே ஸ்டேஷனில் ஒத்துழைப்பு கிடைக்கவில்லை. கடைசியில், ஸ்டேஷனை வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் வைக்கும் அளவுக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை போக வேண்டியிருந்தது. இவ்வளவுக்கும் நடுவே, நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னவர் அந்த ஸ்டேஷனின் பெண் தலைமைக் காவலர் ஒருவர். இன்ஸ்பெக்டருக்கும் எஸ்.ஐக்கும் கீழே இருந்தவர். அவருக்குப் பாதுகாப்பு கொடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட வேண்டிய நிலை. ஏணியில் கீழே இருப்பவர் உண்மை பேச எவ்வளவு துணிச்சல் வேண்டியிருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

ஐந்து ஆண்டு கழித்து, 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் திருப்புவனம். நகை காணாமல் போன புகாரில் விசாரிக்கப்பட்ட இளம் கோயில் காவலாளி போலீஸ் பிடியில் இறந்தார். விசாரித்தது ஸ்டேஷன் போலீஸ் இல்லை, ஒரு 'தனிப்படை'. இந்தத் தனிப்படை விவகாரத்தைக் கவனிக்க வேண்டும். ஸ்டேஷனில் ஒருவரை அழைத்து வந்தால் நாட்குறிப்பில் பதிவு இருக்கும், கேமரா இருக்கும், பொறுப்பு அதிகாரி என்று ஒருவர் இருப்பார். எல்லா ஸ்டேஷனிலும் சிசிடிவி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-லேயே சொல்லியிருக்கிறது. ஆனால் வேனில் ஏற்றி எங்கோ கொண்டுபோய் விசாரிக்கும் தனிப்படைக்கு எந்தப் பதிவேடு, எந்தக் கேமரா? மேலே இருப்பவர் வாய்மொழியாக உத்தரவு போட்டால், பின்னாளில் அது எந்தத் தாளிலும் இருக்காது.

2006-ல் சொன்னது, 2013-ல் செய்தது

தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது இல்லை. 2006 செப்டம்பரில் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏழு கட்டளைகளைக் கொடுத்தது. டிஜிபியை யு.பி.எஸ்.சி தயாரிக்கும் பட்டியலில் இருந்து தேர்ந்தெடுத்துக் குறைந்தது இரண்டு ஆண்டு பதவியில் வைக்க வேண்டும். எஸ்.பிக்கும் ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரிக்கும் அதே இரண்டு ஆண்டு. குற்ற விசாரணையையும் சட்டம் ஒழுங்கையும் பிரிக்க வேண்டும். இடமாற்றங்களுக்கு ஒரு வாரியம். முக்கியமாக, போலீஸ் மீதான புகார்களை விசாரிக்க மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமையில் ஆணையம்.

தமிழ்நாடு 2013-ல் இதற்காக ஒரு போலீஸ் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. ஆணையமும் வந்தது. ஆனால் மாநில ஆணையத்துக்குத் தலைவர் உள்துறைச் செயலாளர். மாவட்ட ஆணையத்துக்குத் தலைவர் கலெக்டர். டிஜிபியும் எஸ்.பியும் உறுப்பினர்கள். எஸ்.பியின் கீழ் வேலை செய்யும் ஒருவர் மீது புகார் கொடுத்தால், அதைக் கேட்கும் மேஜையில் எஸ்.பியும் உட்கார்ந்திருப்பார். நீதிபதி இருக்க வேண்டிய நாற்காலியில் அதே அரசின் இன்னொரு அதிகாரி. இதை எப்படி சுதந்திரமான விசாரணை என்று நம்புவது?

உச்சியில்கூட விதி முழுதாக நடைமுறையில் இல்லை. 2025 ஆகஸ்ட் இறுதியில் டிஜிபி ஓய்வுபெற்றபோது, முழுநேரத் தலைவர் தயாராக இல்லாமல் பொறுப்பு டிஜிபியைத்தான் அரசு நியமித்தது. ஆட்சியில் எந்தக் கட்சி இருந்தாலும் போலீஸ் துறையைப் பொதுவாக முதல்வரே தன் கையில் வைத்திருப்பது இங்கே வழக்கம். ஆகவே இந்த மாற்றத்தைச் செய்யக்கூடியவர் யார் என்பதில் குழப்பமே இல்லை.

கேட்பது மூன்றே விஷயங்கள். புகார் ஆணையத்தின் தலைமையை ஓய்வுபெற்ற நீதிபதிகளிடம் கொடுக்க வேண்டும். சந்தேக நபரை விசாரிக்கும் எந்தப் படையும் ஒரு ஸ்டேஷனின் பதிவேட்டுக்குள், எழுத்து மூல உத்தரவோடு மட்டுமே இயங்க வேண்டும். காவல் மரணம் நடந்தால் காவலர்களோடு நிறுத்தாமல், உத்தரவு எந்தப் படியில் இருந்து வந்ததோ அந்தப் படிவரை விசாரணை போக வேண்டும்.

இதெல்லாம் நடக்க நாளாகும். அதுவரை உங்கள் பகுதி ஸ்டேஷன் எது, உட்கோட்டம் எது, எஸ்.பி அலுவலகம் எங்கே இருக்கிறது என்பதையாவது இன்றே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு 112. சைபர் மோசடி என்றால் 1930. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. எந்தப் புகாரையும் எழுத்தில் கொடுங்கள், ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வெளியே வராதீர்கள்.